வரிசையாக நட்ட தரிசு

அன்று காலை ஏழு மணிக்கு அந்தத் தரிசு நிலத்தில் இருந்தவர்கள்: நான், ஜீப் ஓட்டும் செல்வம் அண்ணன், நிலத்துக்குச் சொந்தக்காரரான சின்னத்தாயி அத்தை, அவர் கூட்டிவந்திருந்த பெண்கள் பதினொரு பேர், எங்கள் வீட்டுடையது என்று யாருமே ஒப்புக்கொள்ளாத ஒரு நாய். இல்லாதவர்கள்: எங்கள் ஆய்வுத் திட்டத்தின் தலைவியான மேடம், எங்கள் வேலையை மதிப்பிடச் சென்னையிலிருந்து வந்திருந்த ஐயா. இருவரும் கொடைக்கானல் விடுதியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்பதரைக்கு வாடகைக் காரில் வந்து சேர்வார்கள். ஐயாவோடு வந்திருக்க வேண்டிய இன்னொரு மதிப்பீட்டாளரும் இல்லை. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் பாதையில் வளைவுகளில் பாதிகூடத் தாண்டாத நிலையில் அவர் தலைசுற்றிப்போய்க் காரை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு கல்லில் உட்கார்ந்து, "நீங்க போங்க, நீங்க பாத்தா நான் பாத்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டாராம்.

தரிசும் அங்கே இல்லை.

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் இதை எழுதச் சொன்னவர் மேடம்தான். இந்த மாதத்தோடு நான் இந்த வேலையிலிருந்து போகிறேன். போகிற போக்கில் உனக்குத் தெரிந்ததை எழுதிவைத்துவிட்டுப் போ என்றார். ஆறு வருட வேலையை அனுபவம் என்று சொல்லலாமா, அதற்குத் தலை நரைக்க வேண்டாமா என்று செல்வம் அண்ணன் கேட்டார். இப்போது சொல்லப்போகிற அந்த ஒரு காலையில் மட்டும் நாலைந்து முடி நரைத்தது. ஆகவே தகுதி இருக்கிறது என்றே நினைக்கிறேன். செடியை எப்படி எண்ணுவது, குருவியை எந்த நேரத்தில் எண்ணுவது என்பதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதை நான் தொடப்போவதில்லை. நிலத்துக்காரர்களை என்ன செய்வது என்று அதில் ஒரு பக்கமும் இல்லை. அதனால்தான் இது.

என்ன வேலை பார்க்கிறேன் என்று என் அம்மாவுக்கு விளங்கவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. யாரும் உழாமல் விட்ட நிலத்தில் என்ன முளைக்கிறது, என்ன பறக்கிறது, என்ன ஊர்கிறது என்று எண்ணுகிறேன் அம்மா என்றேன். எண்ணி என்ன செய்வாய் என்றார். எழுதிவைப்பேன் என்றேன். எழுதி என்ன செய்வாய் என்றார். அந்த இடத்தில் எப்போதும் நான் மாட்டிக்கொள்வேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்து வெளியே வந்த முதல் ஆள் நான். பட்டம் வாங்கிய முதல் ஆளும் நான். அப்படிப்பட்டவன் களையை எண்ணிச் சம்பளம் வாங்குகிறான் என்று ஊருக்குள் தெரிந்தால் நன்றாக இருக்காது என்று அம்மா நினைத்தார். ஆபீஸ் வேலை என்று சொல்லிவைத்தார். எந்த ஆபீஸ் என்று கேட்டவர்களிடம், மேலே இருக்கிற ஆபீஸ் என்று கையைத் தூக்கிக் காட்டினார்.

மேல்மலைக் கிராமங்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சரிவை வெட்டி, கல்கட்டுக் கட்டி, படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். பூண்டு, உருளை, கேரட். இப்போது மூன்று படிக்கு ஒரு படி சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். ஆட்கள் கொடைக்கானல் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் வேலைக்கு வந்துவிட்டார்கள். நகரத்திலிருந்து வந்திருக்கும் உங்களில் சிலர், மனிதன் கையை எடுத்துவிட்டால் காடு தானாகத் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள், தரிசு என்றால் பாழ், அவ்வளவுதான் என்று நினைப்பீர்கள். இரண்டுமே பாதிதான். விட்ட முதல் சில வருடங்களில் நிலம் திருவிழா மாதிரி இருக்கும்: பூ, பட்டாம்பூச்சி, புல்லுக்குள் காடை. அதற்கப்புறம் பெரணியும் முட்செடியும் ஏறும். பிறகு, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து பரப்பிய வாட்டில் மரத்தின் கன்றுகள் வரும்; வந்தால் மற்றதற்கெல்லாம் வெளிச்சம் கிடையாது. புல்லில் கூடு கட்டும் குருவிகள் போய்விடும். வாய்க்கால் தூர்ந்தால் தவளையும் போய்விடும். கல்கட்டைக் காட்டுமாடு மிதித்துச் சரிக்கும். ஆனால் ரொம்பப் பழைய வாட்டில் நிழலில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சோலைக்காட்டு மரக் கன்றுகள் முளைத்திருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆக, ஒரே வரியில் பதில் சொல்கிறவரை நம்பாதீர்கள். நான் உட்பட.

எங்கள் பட்டியலில் ஏழாம் எண் தரிசு சின்னத்தாயி அத்தையுடையது. நான்கு படிகள். பன்னிரண்டு வருடமாக யாரும் கைவைக்காதது. அவ்வளவு வருடம் தரிசாகக் கிடந்து, உள்ளே போக அனுமதியும் கிடைத்த நிலம் அது ஒன்றுதான். மூன்று வருடமாக அதன் ஒவ்வொரு அடியையும் எண்ணியிருந்தோம். நாற்பது மூங்கில் குச்சிகள் நட்டு, ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டி, மிருகம் நடந்தால் தானாகப் படம் பிடிக்கிற கேமரா ஒன்றும் வைத்திருந்தோம்.

மதிப்பீடு நன்றாகப் போனால் திட்டம் இன்னும் மூன்று வருடம் நீளும். போகாவிட்டால் அந்த மாதக் கடைசியோடு மூடிவிடுவார்கள். என் வேலையும் போய்விடும். அம்மாவிடம் நான் ஏற்கெனவே மூன்று வருடம் உறுதி என்று சொல்லியிருந்தேன். அவர் அதை நம்பி என் தங்கையைத் திண்டுக்கல்லில் கல்லூரியில் சேர்த்திருந்தார். என் நிலைமை புரிந்திருக்கும்.

இனி என் தவறு.

மூன்று நாள் முன்னால், மரியாதைக்காக, ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தோடு அத்தை வீட்டுக்குப் போனேன். அவர் எனக்குச் சொந்தமில்லை. பக்கத்து ஊர்க்காரன் என்பதால் நான் அத்தை என்பேன், அவர் மருமகனே என்பார். வியாழக்கிழமை சென்னையிலிருந்து பெரிய ஆள் ஒருவர் உங்கள் நிலத்தைப் பார்க்க வருகிறார் என்று சொன்னேன். அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். அவர் முகம் சட்டென்று மாறியது. நான் அவசரமாக, "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் அத்தை" என்றேன். சரி மருமகனே என்றார். நான் நிம்மதியாகக் காப்பி குடித்துவிட்டு வந்தேன்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்தில் விருந்தாளியாக வருகிறவன், எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் அடுப்பில் உடனே பால் ஏறும். கல்யாணத்துக்கு ஒன்றும் செய்ய வேண்டாம் என்றால் பாத்திரக் கடைக்குக் கிளம்ப வேண்டும். ஒன்றும் வேண்டாம் என்பது எங்கள் ஊரில் யாரும் அப்படியே எடுத்துக்கொள்கிற பேச்சு இல்லை. இதெல்லாம் எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். பெரணியின் லத்தீன் பெயரைப் படித்த வேகத்தில் இது மட்டும் கழன்று விழுந்துவிட்டது.

வியாழன் வெள்ளனே, எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று செல்வம் அண்ணனோடு போனேன். ஜீப்பை விட்டு இறங்கியபோது தப்பான ஊருக்கு வந்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். நான்கு படிகளும் சவரம் செய்த மாதிரி இருந்தன. கல்கட்டில் ஒரு பாசி இல்லை. மண்ணைக் கொத்திப் பெருக்கி, தூர்ந்த வாய்க்காலையும் வாரியிருந்தார்கள். மேல் படியில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, துண்டு விரித்திருந்தது. வெட்டிய வாட்டிலும் முள்ளும் பெரணியும் ஓரமாக ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. நேற்று முழுப் பகலும் பன்னிரண்டு பேரும் நின்று வேலை செய்திருக்கிறார்கள்.

அத்தை இடுப்பில் கை வைத்து நின்றார். நான் ஒன்றும் பேசாததைப் பார்த்து, சந்தோஷத்தில் வாயடைத்துப்போனேன் என்று நினைத்துக்கொண்டார். எங்கள் குச்சிகள் எங்கே என்று கேட்டேன். நாற்பதையும் பிடுங்கி, மண் போகக் கழுவிக் கட்டிவைத்திருப்பதாகவும், ரிப்பன்களைத் தனியாகச் சோப்புப் போட்டு அலசிக் காயவைத்திருப்பதாகவும் சொன்னார். ஒன்றுகூடக் குறையாது, எண்ணிக்கோ என்றார். கேமரா? அது விலை கூடிய சாமான் ஆயிற்றே, திருட்டுப் போய்விடக் கூடாது என்று முந்தாநாளே வீட்டுக்குக் கொண்டுபோய் டிவி மேல் வைத்துவிட்டாராம்.

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். நாய் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது.

செல்வம் அண்ணன் பண்ணைக்காட்டுக்காரர். எந்த விபத்தையும் நின்று நிதானமாக ரசிக்கிறவர். அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, "தம்பி, பத்துப் பதினஞ்சு வருசம் ஐயாவ ரூம்லயே படுக்கச் சொல்லு. தானா வளந்துரும்" என்றார்.

அதற்குள் பெண்கள் என்னைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். இந்தத் தரிசு தரிசாகவே இருக்க வேண்டும், அதைப் பார்க்கத்தான் அவர் வருகிறார், இல்லையென்றால் என் வேலை போய்விடும் என்று ஒருவழியாகச் சொல்லி முடித்தேன். பன்னிரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நிலம் வெட்டுப்பட்டதற்கான பரிதாபம் இல்லை அது. படித்த பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்கிற பரிதாபம்.

பிறகு அத்தை சொன்னார்: "இம்புட்டுத்தானா? வெட்டுனதெல்லாம் இந்தா ஓரத்துலதான கெடக்கு. திரும்ப நட்டு வச்சுருவோம்."

நண்பர்களே, அந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மேடத்தைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். போனில் சிக்னல் இல்லை என்று பின்னால் எல்லாரிடமும் சொன்னேன்; மேல் படிக்கு அந்தப் பக்கம் ஒரு பாறையில் ஏறினால் இரண்டு கோடு கிடைக்கும், அது எனக்குத் தெரியும். மணி ஏழேகால். இரண்டு மணி நேரம் இருக்கிறதே என்று கணக்குப் போட்டேன். நெருக்கடியில் நேரம் மிச்சமிருந்தால் அது ஆபத்து. நேரமே இல்லாதிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன்.

"வெரசா ஆகட்டும்" என்றேன்.

அந்தப் பெண்கள் கைபோட்டதும் வேலை பறந்தது. நான் கீழ்ப்படியில் முட்செடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தேன். மேல் இரண்டு படிகளிலும் வாட்டில் கன்றுகள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன. வரிசைக்கு வரிசை ஒரு முழம். கன்றுக்குக் கன்று ஒரு சாண். வரிசைக்கு நடுவே தண்ணீர் ஓட வாய்க்கால். வாழ்நாளெல்லாம் பூண்டு நட்ட கைகள். வேறு எப்படி நடும்? வாட்டில் முடிந்து பெரணி, பெரணி முடிந்து முள், மூன்றும் தனித்தனிப் பாத்தியில்.

ஓடிப்போய், வரிசையாக வைக்காதீர்கள், கோணலாக வையுங்கள் என்று கெஞ்சினேன். அவர்கள் முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு அக்கா நாலு கன்றைக் கோணலாக நட்டுவிட்டு, தள்ளிநின்று பார்த்து, பொறுக்கமாட்டாமல் திரும்ப வந்து நேராக்கினார். அத்தைக்குக் கோபமே வந்துவிட்டது.

"ஏலே மருமகனே, தரிசா வேணும்னா நட்டுத் தாரோம். கோணலா நட மட்டும் சொல்லாத. நாளைக்கு இந்த வழியா போறவுக என்ன பேசுவாக?"

நேற்று வெட்டியதால் இலையெல்லாம் தொங்கிப்போயிருந்தது. யாரோ குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து ஒவ்வொரு மூட்டுக்கும் ஊற்றினார். வேர் இல்லாத செடிக்குத் தண்ணீர் ஊற்றி என்ன என்று நான் கேட்கவில்லை. நிமிர்ந்து நிற்காத கன்றுகளுக்கு முட்டு வேண்டுமே என்று தேடியபோது எங்கள் நாற்பது மூங்கில் குச்சிகள் அவர்கள் கண்ணில் பட்டன. நட்டு, கழுவிய சிவப்பு ரிப்பனால் கன்றைச் சேர்த்துக் கட்டினார்கள். அழகாகப் பூப்போல முடிச்சுப் போட்டார்கள். செல்வம் அண்ணன் இதில் எதிலும் சேராமல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, நாலாவது வரிசை ஒரு விரல் விலகியிருக்கிறது என்று திருத்தம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒன்பதரைக்குக் கார் வந்தது.

மேடம் இறங்கி நிலத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். வானத்தில் பறவை எதுவும் போகவில்லை.

ஐயா ஒல்லியான, மெதுவாகப் பேசுகிற மனிதர். கல்கட்டில் ஏறி நின்று வெகுநேரம் பார்த்தார். கன்றுகளுக்குத் தனித்தனியாக அடையாளம் கட்டியிருக்கிறீர்களே, இவ்வளவு உழைப்பை நான் எங்கேயும் பார்த்ததில்லை என்று மனமாரச் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். கொஞ்சம் நடந்தார். நின்றார். ஆனால் வாட்டில் எப்படி இவ்வளவு நேர்வரிசையில் முளைத்திருக்கிறது என்று கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது. இது பழைய பூண்டுத் தோட்டம், பூண்டுப் பாத்தியின் வரிசையில் மண் பொலபொலப்பாகவும் உரம் மிகுந்தும் இருக்கும், நிலத்தைக் கைவிட்ட பிறகும் அந்தத் தடம் மண்ணுக்குள் இருப்பதால் விதைகள் அந்த வரிசையிலேயே முளைக்கின்றன என்றேன். சொல்லும்போதே எனக்கு அது ரொம்ப நன்றாக இருந்தது. பாதி நம்பிக்கைகூட வந்துவிட்டது.

ஐயாவின் கண்கள் விரிந்தன. இது புதிதாக இருக்கிறதே என்றார். பையிலிருந்து நோட்டை எடுத்தார். பேனாவைத் திறந்தார். 'கைவிடப்பட்ட பயிர்வரிசைகளின் நினைவு' என்று மேலே தலைப்பு எழுதி, அடிக்கோடும் போட்டார்.

அந்த அடிக்கோட்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது. அதுவரை இருந்தது என் வேலை போய்விடுமே என்ற பயம். இது வேறு. இந்த நோட்டு சென்னைக்குப் போகும். அங்கிருந்து எங்கே எங்கேயோ போகும். எங்கோ ஒரு மாணவன் இதைப் படித்து, தரிசு நிலத்தில் மண்டியிட்டு, வரிசை தேடிக்கொண்டு கிடப்பான். எங்கள் வீட்டில் எழுத்து என்றால் அதன் மேல் கால் படக்கூடாது. எழுதியிருந்தால் அது உண்மை என்று என் அப்பா இன்றைக்கும் நம்புகிறார். பேருந்தில் ஒட்டியிருக்கிற மூலம் பவுத்திர விளம்பரம் வரைக்கும் நம்புகிறார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து நான் முதன்முதலில் உலகத்துக்கு எழுதவைப்பது இதுவா?

"எழுதாதீங்க ஐயா" என்றேன்.

அவர் நிமிர்ந்தார். பக்கத்திலிருந்த வாட்டில் கன்றைப் பிடித்து இழுத்தேன். ரிப்பன், மூங்கில் குச்சி எல்லாவற்றோடும் கையோடு வந்தது. அடியில் வேர் இல்லை. அரிவாள் வெட்டு பளிச்சென்று தெரிந்தது. அடுத்ததையும் பிடுங்கினேன். அதற்கடுத்ததையும். வரிசையாகவே பிடுங்கிக்கொண்டு போனேன்.

சின்னத்தாயி அத்தைதான் முதலில் பேசினார். "ஏலே, இப்பத்தான குறுக்கு ஒடிய நட்டோம். பிடுங்குறதா இருந்தா நடுறப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

செல்வம் அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து, அதை ஐயாவுக்குப் போட்டார். அவர் உட்கார்ந்தார். நான் மூன்று நாள் முன்னால் வாங்கிப்போன வாழைப்பழத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்தின் கையிலிருந்த தண்ணீர் பாட்டில் நசுங்கிக்கொண்டே வந்தது.

ஐயா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அத்தையைக் கேட்டார், எதற்காக வெட்டினீர்கள் என்று.

"பாக்க ஆள் வாரப்ப நிலம் அப்படியா கெடக்கும்? அது என் வீட்டு வாசல் மாதிரி இல்ல?" என்றார் அத்தை.

அப்படியானால் பன்னிரண்டு வருடம் ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். பூண்டு போட்டால் காட்டுமாடு தின்கிறது, உருளை போட்டால் பன்றி தின்கிறது, இரண்டும் தின்னாத வருடம் வியாபாரி தின்கிறான் என்று அத்தை சொன்னார். மகன் கொடைக்கானலில் ஹோட்டல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் சுற்றுலாக்காரர்கள் நிற்கும் இடத்தில் வேகவைத்த சோளம் விற்கிறார். அதற்கு முன்னால், பயிர் போடாத வருடம்கூட வருடத்துக்கு ஒருமுறை விறகுக்காக ஓரமெல்லாம் வெட்டிவிடுவார்களாம். வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்ததும் அந்தச் சோலியும் நின்றுபோனது. நிலத்துக்குப் போகவே காரணம் இல்லாமல் போய்விட்டது.

வெட்டிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே என்ன இருந்தது என்று ஐயா கேட்டார். காடை இருந்தது என்றார். புல்லுக்குள் தரையிலேயே கூடு கட்டுகிற குருவி இருந்தது, அந்தக் கூடு இருக்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வெட்டுவோம் என்றார். வாய்க்காலில் தவளைக் கத்தலில் காது கிழியும் என்றார். மஞ்சளாக ஒரு பூ, நீலமாக ஒரு பூ. பேர் தெரியாது, ஆடு தின்னாது என்றார்.

"இப்ப என்ன இருக்கு?"

"இப்ப முள்ளு இருக்கு. அப்பறம் இந்தா, இவுக இருக்காக" என்று எங்களைக் காட்டினார்.

ஐயா சிரித்தார். பேனாவை மறுபடி திறந்து, போட்ட தலைப்பை அடித்துவிட்டு, அத்தை சொன்னதை எழுத ஆரம்பித்தார். மூன்று பக்கம் எழுதினார். நான் மூன்று வருடமாக வாரம் தவறாமல் அந்த நிலத்துக்குப் போயிருக்கிறேன். அத்தையிடம் ஒருநாளும் இதில் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. உள்ளே போகலாமா என்று கேட்பேன். அவர் போய்க்கோ மருமகனே என்பார். அவ்வளவுதான் எங்கள் உரையாடல். எண்ணுவதற்கு முன்னால் கேட்க வேண்டும் என்பதை நான் கற்றது அப்படித்தான், மண்ணில் நின்று, கையில் ஒரு கட்டு வாட்டிலோடு.

முடிவு பதினைந்து நாள் கழித்து வந்தது. மூன்று வருடம் இல்லை, ஒரு வருடம். ஏழாம் எண் தரிசின் கணக்கு அந்தத் தேதியோடு முடிந்தது என்றும், யார் வெட்டினார்கள், ஏன் வெட்டினார்கள் என்பதை அறிக்கையில் ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றும் நிபந்தனை. இன்னொன்று: நான்கு படிகளில் இரண்டை முன்போல வருடம் ஒருமுறை வெட்டவேண்டும், இரண்டை அப்படியே விடவேண்டும், நான்கையும் எண்ணவேண்டும். எப்போது வெட்டுவது, எதை விட்டு வெட்டுவது என்பதை நிலத்துக்காரர் சொல்வார். நடந்த கூத்து முழுவதும் எழுதப்பட்டதால் கேமராவில் பதிவானதையும் சேர்க்கவேண்டி வந்தது. அந்த இரண்டு நாளில் டிவி மேலிருந்து அது எடுத்த படங்கள் அறுநூற்றுச் சொச்சம். ஏழாம் எண்ணில் தென்பட்ட பாலூட்டிகள் என்ற தலைப்பின் கீழ் மேடம் தன் கையாலேயே எழுதினார்: மனிதர் ஐவர், பூனை ஒன்று, சீரியல் முடியும்வரை யாரும் இடம் பெயரவில்லை.

ஒரு வருடம் என்று அம்மாவிடம் சொன்னேன். மீதி இரண்டு வருடம் எங்கே என்று கேட்டார். வரிசையாக நட்டதில் போய்விட்டது என்றேன். தங்கையின் படிப்பு நிற்கவில்லை. அந்த ஒரு வருடம் பிறகு வருடா வருடம் ஒவ்வொன்றாக நீண்டது. ஒவ்வொரு வருடமும் நான் சரியாக ஒரு மாதம் தூங்காமல் இருந்தேன்.

அந்த நிலம் என்ன ஆனது என்று நீங்கள் கேட்பீர்கள். வெட்டிய இரண்டு படியில் அடுத்த மழைக்குப் பின் அத்தை சொன்ன மஞ்சள் பூ வந்தது. நீலம் இன்னும் வரவில்லை. பெண்கள் தூர் எடுத்த வாய்க்காலில் தண்ணீர் நின்று, தவளை கேட்டது. இரண்டாம் வருடம் ஒரு நெட்டைக்காலிக் குருவி புல்லுக்குள் கூடு வைத்தது. அத்தை அதைச் சுற்றி ஒரு பாய் அகலம் விட்டு வெட்டினார். எல்லாம் நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான். வெளிச்சம் கிடைத்ததும் வாட்டில் விதையும் கூடவே ஆயிரமாயிரமாக முளைத்தது. புல் வந்ததும் காட்டுமாடு குடும்பத்தோடு வந்து ஒரு கல்கட்டைச் சாய்த்தது. விட்ட இரண்டு படியில் ஏறுகிற புதரில் வேறு குருவிகள் இருக்கின்றன, அவற்றுக்கும் வீடு வேண்டும். ஐயா ஒருமுறை சொன்னார், இந்த மலையில் எல்லாவற்றையும் விடுவதும் தப்பு, எல்லாவற்றையும் வெட்டுவதும் தப்பு, எங்கே எவ்வளவு என்று தெரிந்தவர்கள் சோளம் விற்கப் போய்விட்டார்கள் என்று.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது: யார் வீட்டுக்குப் போனாலும் வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஏன் வேண்டாம் என்று சொல்லுங்கள், காப்பி ஆறினாலும் பரவாயில்லை. பொய் சொல்லிவிட்டீர்களானால் அடிக்கோடு விழுவதற்குள் பிடுங்கிவிடுங்கள்.

அன்றைய வேலைக்கு என்ன கூலி என்று அந்த வாரமே அத்தையிடம் மேடம் கேட்டனுப்பினார். நான்தான் போனேன். கூலிக்கு நாங்கள் வரவில்லை என்று அத்தை முகத்தைச் சுளித்தார். அங்கே பழக்கம் என்னவென்றால், பெண்கள் கூலி பேசாமல் ஒருவர் தோட்டத்துக்கு மற்றவர் போவார்கள். வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் திருப்பிச் செய்துவிட வேண்டும். வெட்டியது தன் நிலம், அந்தக் கடன் தன்னுடையது, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஆனால் திரும்ப நட்டது யாருக்காக என்று கேட்டார். பன்னிரண்டு பேர் நட்டோம், பன்னிரண்டு நாள் வரணும் என்றார். நட்டது இரண்டு மணி நேரம்தானே அத்தை என்றேன். வெயில் ஏறுவதற்குள் முடித்துக் கொடுத்தது எங்கள் கெட்டிக்காரத்தனம், அதற்கு நாங்கள் நஷ்டப்பட வேண்டுமா என்றார்.

ஆகவே, அந்தப் பெண்களின் தோட்டங்களில் பூண்டுக்குக் களை எடுத்தோம். நான் ஆறு நாள். நாற்காலியில் உட்கார்ந்து திருத்தம் சொன்னதற்காகச் செல்வம் அண்ணன் மூன்று நாள். மேடம் இரண்டு நாள். விஷயத்தைக் கேள்விப்பட்டு, அடுத்தமுறை மலைக்கு வந்தபோது தானே கேட்டு வாங்கிக்கொண்ட ஐயா ஒரு நாள். மேடம் தன் முதல் நாளில் களை என்று நினைத்து அரைப் பாத்தி பூண்டைப் பிடுங்கிவிட்டதால், அதற்கு அபராதம் ஒரு நாள். மொத்தம் பதிமூன்று நாள்.